மிதிச்சா யோசிக்கிற வண்டி

என் வீட்டுக்காரர எல்லாரும் காதுன்னுதான் கூப்பிடுவாங்க. காது அண்ணன், காது மாமா, மரியாதக்காரங்களா இருந்தா காது சார். பெத்தவங்க வெச்ச பேரு அடையாள அட்டைக்குள்ள பத்திரமா தூங்குது. வண்டி தெருமுனை திரும்பும்போதே, "மூணாவது சிலிண்டர் வேலை செய்யல"ன்னு இங்க நின்னுக்கிட்டே சொல்லிடுவாரு. வண்டிக்காரர் இறங்கி வந்து வாயத் திறக்கறதுக்குள்ள பிளக் ஸ்பேனர் கையில இருக்கும். இருபத்தாறு வருஷமா எங்க ஷெட் ஓடினது அந்த ரெண்டு காத வெச்சுத்தான். இப்ப இதச் சிரிச்சுக்கிட்டே சொல்றேன். அந்த வாரம் எனக்குச் சிரிப்பு வரல.

நானும் அதே ஷெட்டுலதான் வேலை பாக்கறேன். கார் சீட்டுக்கு உறை தைக்கறது என் தொழில். முன்னாடி ரெண்டு வண்டி நிக்கற அளவுக்கு இடம், பின் சுவரோரமா ஒரு பலக மேடை, அதுமேல என் தையல் மெஷின், சுத்தி ரெக்சின் சுருள். பக்கத்து ஷெட்டுல டிங்கர் அண்ணன். நசுங்கின கதவையும் பம்பரையும் தட்டி நிமித்தறவரு. நாங்க மூணு பேரும் சேந்து போடற சத்தத்துல தெருநாய் கூட இந்தப் பக்கம் படுக்காது.

ஆனா காது நேரம்னு ஒண்ணு உண்டு. வண்டிய ஓடவிட்டு, நீளமான ரப்பர் குழாயோட ஒரு முனைய இடது காதுல சொருகிக்கிட்டு, மறு முனைய இன்ஜின் மேல அங்கங்க கொண்டுபோவாரு. அதுக்கு முன்னாடி வலது கைய மேல தூக்குவாரு. தூக்கினா நான் மெஷின்ல இருந்து கால எடுத்துடணும். டிங்கர் அண்ணன் சுத்தியலக் கீழ வெச்சிடணும். எதுத்த டீக்கடையில ரேடியோவக் கம்மி பண்ணிடுவாங்க. கை இறங்கினதும் எல்லாம் பழையபடி ஓடும். யாரும் முணுமுணுத்ததில்ல. ஒருத்தரோட காதுக்காகத் தெருவே வாயப் பொத்திக்கறதுல எங்களுக்கும் ஒரு பெருமைதான்.

போன ஒரு வருஷமாத்தான் மனுஷன் மாறிப்போயிருந்தாரு. வீட்டுல "சாப்பிட வாங்க"ன்னு மூணு தடவ கத்தணும். மூணாவது தடவ, "ஏன் இப்படிக் கத்தற?"ன்னு கேப்பாரு. எனக்கு உச்சந்தலை சூடாகிடும். "செவிடன் காதுல ஊதின சங்குதான் போங்க"ன்னு சொல்லிட்டுத் தட்ட டொக்குன்னு வெப்பேன். அந்தப் பழமொழிய அந்த ஒரு வருஷத்துல எத்தன தடவ சொல்லியிருப்பேன்னு நெனச்சா, இப்ப நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

அதவிட எனக்குப் பெரிய குறை என் மெஷின்தான். முன்னாடியெல்லாம் அது லேசா கிறீச்சுன்னாப் போதும். எனக்கே கேட்டிருக்காது, அதுக்குள்ள எண்ணெய்க் குப்பியோட வந்து நிப்பாரு. கல்யாணமான புதுசுல இருந்து அப்படித்தான். பூ வாங்கிக் கொடுக்கற ஆளில்ல, எண்ணெய் போடற ஆளு. அதுவும் நின்னுபோச்சு. சக்கரம் எலிக்குஞ்சு மாதிரி கத்துது, இவரு பாட்டுக்குப் பக்கத்துல போறாரு, வர்றாரு. ரெண்டு தடவ வாய்விட்டுச் சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. சரிதான், இருபத்தாறு வருஷத்துல நான் புளிச்சுப்போயிட்டேன் போலன்னு நானும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டேன். நானே போட்டா ரெண்டு நிமிஷ வேலை. போடமாட்டேன்னு வீம்பு.

இந்த நிலமையிலதான் ஒரு திங்கக்கிழம பல் டாக்டரோட ஸ்போர்ட்ஸ் கார் வந்துச்சு. ரெண்டே சீட்டு, தரையோட தரையா ஒட்டி நிக்கும், இறங்கறதுக்கு ஒரு கைப்புடி வேணும். கருநீலத்துல கண்ணாடி மாதிரி துடச்சு வெச்சிருப்பாரு. வண்டிமேல அவ்வளவு உசுரு.

"பிக்கப்பே இல்ல காது சார். மிதிச்சா வண்டி யோசிக்குது. யோசிச்சு முடிச்சிட்டுத்தான் போகுது. சிக்னல்ல ஒரு ஸ்கூட்டர் என்ன முந்திட்டுப் போகுது, மானமே போச்சு"ன்னாரு டாக்டர்.

"மீட்டர்ல கோளாறு லைட் எதாவது எரியுதா?"

"ஒரு லைட்டும் இல்ல."

என் வீட்டுக்காரர் ஒரு சுத்து ஓட்டிட்டு வந்தாரு. "இன்ஜினுக்குக் காத்துப் போற ஹோஸ்ல எங்கயோ கசியுது. ஓட்டை வழியா திருட்டுக் காத்து உள்ள போனா இப்படித்தான் திணறும். வெள்ளிக்கிழம வாங்க, முடிச்சு வெச்சிடறேன்"னாரு. கேட்டுட்டுச் சொல்லல, ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னாரு. அது அப்ப எனக்கு உறைக்கல.

திங்கக்கிழம சாயங்காலம் கை தூக்கினாரு. நாங்க அடங்கினோம். குழாய வெச்சுக் கேட்டாரு, கேட்டாரு, கைய இறக்கிட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாரு. செவ்வாக்கிழம பிளக்க மாத்திப் பாத்தாரு, பெட்ரோல் ஒழுங்கா வருதான்னு பாத்தாரு, காத்து உள்ள போற வாசல்ல இருக்கற வட்டத் தகடக் கழட்டிக் கழுவினாரு. ஆக்ஸிலேட்டர் பெடலுக்கு அடியில மேட் மாட்டிக்கிட்டிருக்கான்னு குனிஞ்சு கூடப் பாத்தாரு. மறுபடி கை. மறுபடி குழாய். புதன்கிழம ஒரே நாள்ல பதினோரு தடவ கை தூக்கினாரு. டிங்கர் அண்ணன் சுத்தியலத் தூக்கின கையோடயே, "காது, நான் கதவ நிமித்தணுமா, இல்ல இப்படியே போஸ் குடுக்கணுமா?"ன்னாரு. வழக்கமா அதுக்குப் பதிலடி குடுக்கற மனுஷன், தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

அன்னைக்கு ஷட்டர் இறக்கும்போது சொன்னாரு, "உன் தம்பி கோடவுன்ல ஆள் வேணும்னான்ல?"

என் தம்பிக்கு ஊருக்கு வெளிய பெரிய கோடவுன். வர்ற லாரி போற லாரியக் குறிச்சு வெச்சுக்க ஆள் தேடிக்கிட்டிருந்தான். வெள்ளிக்கிழமக்குள்ள பதில் சொல்லுங்க மாமான்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருந்தான்.

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"இந்த வண்டியோட சரி. இதுல என்னன்னு வெள்ளிக்கிழமக்குள்ள கண்டுபிடிக்க முடியலன்னா, ஷெட்டக் காலி பண்ணிட்டு அங்க போயிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்னங்க பேசறீங்க? ஒரு வண்டிக்காகவா? நல்லா இருக்கற மனுஷனுக்கு என்ன கேடு?"ன்னு தெருன்னு கூடப் பாக்காம கத்தினேன். அவரு பூட்டப் போட்டுட்டு முன்னாடி நடந்தாரு. இந்த ஷெட்டுலதான் எங்க பொண்ணு ரெக்சின் மேல படுத்துத் தூங்கி வளந்தா. இதுலதான் நாங்க ரெண்டு பேரும் தினமும் பத்து மணி நேரம் பக்கத்துல பக்கத்துல சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம். அவரு கோடவுனுக்குப் போயிட்டா நான் யார்கிட்டக் கத்தறது?

வியாழக்கிழம காலையில நான் கோவத்துல பேசவேயில்ல. தைக்க உக்காந்தா, மூலையில இருக்கற கம்ப்ரெஸர்ல இருந்து உஸ்ஸுன்னு ஒரே சத்தம். டயருக்குக் காத்தடிக்கற மெஷின் அது. குழாய் மூட்டுல கசியுது. ஒரு காலத்துல அது அர நிமிஷம் ஊதினாப் போதும், யாருடா அதுன்னு பாஞ்சு வருவாரு. அன்னைக்கு அதுக்கு ரெண்டடி தள்ளி நின்னு சாவகாசமா கையத் துடச்சுக்கிட்டிருந்தாரு. நான் பேசக்கூடாதுன்னு இருந்த வைராக்கியத்தத் தூக்கிப் போட்டுட்டு, "ஏங்க, அது அந்த ஊது ஊதுதே, மூடமாட்டீங்களா?"ன்னேன்.

"எது?"

"கம்ப்ரெஸர்."

திரும்பி அதப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. "எங்க ஊதுது?"

விளையாடறாருன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயி, அவரு கையப் புடிச்சு அந்த மூட்டுமேல வெச்சேன். காத்து அவரு உள்ளங்கையில அடிச்சுது. அப்ப அவரு மூஞ்சி போன போக்க நான் சொல்லமாட்டேன். எனக்குச் சுருக்குன்னு எல்லாமே புரிஞ்சுபோச்சு. சாப்பிடக் கூப்பிட்டது, மெஷின் கத்தினது, பதினோரு தடவ கை தூக்கினது, எல்லாம்.

"எத்தன நாளாங்க?"ன்னேன். என் குரல் எனக்கே கேக்கல, அவருக்கு எங்க கேக்கும்? கிட்டப் போயி மறுபடி கேட்டேன்.

"ஒரு வருஷம் இருக்கும். மொதல்ல சின்னச் சத்தம் போச்சு. இப்ப இடது பக்கம் சுத்தமா இல்ல. வலது பக்கம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி."

"டாக்டர்கிட்டப் போயிருக்கலாம்ல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"காதுன்னு பேரு வெச்சுக்கிட்டு, காது போச்சுன்னு யார்கிட்டப் போயி சொல்லச் சொல்ற?"ன்னாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு அந்த ரப்பர் குழாய எடுத்துத் துடச்சு என்கிட்ட நீட்டினாரு. "நீ கேளு. அந்த வண்டியில காத்துக் கசியற சத்தம் இருக்கு. எனக்குத்தான் கேக்கல. உஸ்ஸுன்னு எங்க வருதுன்னு மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வண்டிய ஓடவிட்டாரு. நான் குழாயக் காதுல வெச்சுக்கிட்டேன். இந்தத் தடவ கை தூக்கினது நான். டிங்கர் அண்ணன் அதப் பாத்து அசந்துபோயி சுத்தியல நழுவ விட்டுட்டாரு. என் வீட்டுக்காரர் குழாயோட மறு முனைய ஒவ்வொரு ஹோஸ் மேலயும், ஒவ்வொரு கிளிப் மேலயும் அங்குலம் அங்குலமா நகத்தினாரு. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாரு.

"இங்க?"

"டக்குடக்குன்னு அடிக்குது. உஸ்ஸு இல்ல."

"இங்க?"

"இல்ல."

"நல்லாக் கேளு. அவசரப்படாத."

"அட, இல்லங்க!"

மறுபடி மொதல்ல இருந்து. ரெண்டு சுத்து முடிஞ்சுது. எனக்கு அழுகையா வந்துச்சு. எனக்கு இந்த வித்த தெரியல, என்னாலதான் ஷெட் போகப்போகுதுன்னு தோணிச்சு. "எனக்கு ஒண்ணும் கேக்கலங்க. மன்னிச்சுக்கோங்க"ன்னேன்.

அவரு என்ன நெனச்சாரோ, இன்ஜின நிறுத்திட்டு, குழாய் முனையக் கொண்டுபோயி கம்ப்ரெஸர் மூட்டுல வெச்சாரு. "ஐயோ!"ன்னு நான் குழாயப் புடுங்கி எறிஞ்சேன். காதே கிழிஞ்சுபோச்சு.

"அப்ப உன் காது நல்லாருக்கு. குழாயும் நல்லாருக்கு."

"ஆமா."

"வண்டியில சத்தம் இல்ல."

"அதத்தானே அரமணி நேரமா சொல்றேன்?"

"உனக்கும் கேக்கல!"ன்னாரு. அப்படியே பழைய டயர் மேல உக்காந்துட்டாரு. தோள் குலுங்குது. அழறாருன்னு பதறிப்போயி கிட்டப் போனா, சிரிக்கறாரு. கண்ணுல தண்ணி கொட்டக் கொட்டச் சிரிக்கறாரு. "இல்லாத சத்தத்தத்தான்டி நான் நாலு நாளா தேடினேன்! உலகத்துலயே நல்ல காது வெச்சிருந்தாலும் கேட்டிருக்காது!"

ஒரு மனுஷனுக்கு "ஒண்ணும் கேக்கல"ங்கறது இவ்வளவு நல்ல சேதியா இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் ஆளே வேற. அலமாரி மேல ஒரு ஸ்கேனர் பெட்டி இருக்கு. வண்டியோட கம்ப்யூட்டர்ல சொருகினா உள்ள நடக்கறத நம்பர் நம்பரா காட்டும். பொண்ணு வாங்கிக் குடுத்தது. திங்கக்கிழம அத மாட்டிப் பாத்து, கோளாறு எதுவும் இல்லன்னு வந்ததும் திரும்பவும் அலமாரில ஏத்திட்டாரு. காது இருக்கும்போது பெட்டி எதுக்குன்னு எளக்காரம். இப்ப மறுபடி மாட்டி, என்னப் பெடல மிதிக்கச் சொல்லிட்டு நம்பரயே உத்துப் பாத்தாரு.

"பாரு, நீ மிதிச்ச உடனே வாசல் தெறந்துடுது. ஆனா உள்ள வர்ற காத்தோட கணக்கு மட்டும் ஆடி அசஞ்சு ஏறுது. காத்து வருது. வருதுன்னு சொல்ல வேண்டியவன் லேட்டாச் சொல்றான்."

உள்ள போற காத்த அளக்கறதுக்கு ஒரு சென்சார் இருக்காம். முடி கனத்துல ஒரு கம்பி, சூடா இருக்கும், காத்து பட்டா ஆறும், அத வெச்சு எவ்வளவு காத்துன்னு வண்டி கணக்குப் போட்டு அதுக்குத் தகுந்த பெட்ரோல் விடும். ரெண்டு ஸ்குரூவக் கழட்டி அத வெளிய எடுத்தாரு. வெளிச்சத்துல புடிச்சாரு. கம்பி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, அதுல பொடிப்பொடியா பஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. போர்வையப் போத்திக்கிட்டவனுக்கு வெளிய குளிரறது எப்படித் தெரியும்?

ஏர் ஃபில்டரத் தெறந்தாரு. பஞ்சு வலை ஃபில்டர் அது. எண்ணெயில ஊறி, பிழிஞ்சா ஒழுகற மாதிரி இருந்துச்சு. டாக்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சு என் கையில குடுத்துட்டாரு, நீயே பேசுன்னு.

"டாக்டர், ஃபில்டர யாரு கழுவினது?"

"நான்தான்மா! ரெண்டு மாசமா வாராவாரம் ஞாயித்துக்கிழம கழட்டிக் கழுவி, நல்லா எண்ணெய் விட்டு மாட்டறேன். காது சார்தானே சொன்னாரு, எண்ணெய் இல்லாம மாட்டாதீங்கன்னு. நான் ஒரு சொட்டு கூடக் கொறைக்கல"ன்னாரு. குரல்ல அவ்வளவு பெருமை.

"டாக்டர், அது பல்லு இல்ல, தெனமும் தேய்க்கறதுக்கு! வருஷத்துக்கு ஒரு தடவ, அதுவும் தொட்டும் தொடாம!"ன்னு ஒரு போடு போட்டேன். அவரு மெதுவா, "நான் என் பேஷன்ட்டத் திட்டற மாதிரியே திட்டறீங்கம்மா"ன்னாரு.

கம்பிமேல விரல் படாம ஸ்ப்ரே அடிச்சுக் கழுவி, நல்லாக் காயவெச்சு, ஃபில்டரயும் புதுசா மாட்டினோம். நானும் ஏறி உக்காந்தேன். தெருமுனை தாண்டி நேர் ரோட்டுல மிதிச்சாரு பாருங்க, என் முதுகு சீட்டுல அப்பிக்கிச்சு! யோசிக்கல, கீசிக்கல, பாஞ்சுது. நான் போட்ட கூச்சல்ல அவரே திரும்பிப் பாத்தாரு.

"இது கேட்டுச்சு"ன்னாரு.

"கேக்கும், கேக்கும். வண்டி யோசிக்காமப் போகுதுல்ல? நாளைக்கு நீங்களும் யோசிக்காம என்கூடக் காது டாக்டர்கிட்ட வர்றீங்க. வரலன்னா தம்பி கோடவுனுக்கு நானே மூட்ட கட்டி அனுப்பிடுவேன்."

வெள்ளிக்கிழம காலையில போனோம். சின்ன ரூம். சுவத்துல காதோட படம், உள்ள நத்தை மாதிரி சுருண்டு கெடக்கு. டாக்டரம்மா சின்ன விளக்க வெச்சு இடது காத எட்டிப் பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் சேல முந்தானைய முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிட்டேன். சரி, போயே போச்சுன்னு சொல்லப் போறாங்க. சொன்னா என்ன, நான் கேட்டுச் சொல்றேன், நேத்து சொல்லலியான்னு மனசத் தேத்திக்கிட்டிருக்கேன். அவங்க மெல்லிசா ஒரு கொக்கிய உள்ள விட்டு, பதமா இழுத்து, வெளிய வந்தத ஒரு பீங்கான் கிண்ணத்துல போட்டாங்க. கறுப்பா, மொச்ச அளவுக்கு. கொக்கியாலயே பிரிச்சுப் பாத்தாங்க.

"இது என்ன, பஞ்சா?"

என் வீட்டுக்காரர் கிண்ணத்தப் பாத்தாரு. காது வரைக்கும் செவந்துபோச்சு. "கிரைண்டர் ஓட்டும்போது சத்தத்துக்கு ரெண்டு காதுலயும் கை துடைக்கற கழிவுப் பஞ்சு வெச்சுக்குவேன். போன வருஷம் ஒரு நாள் ஒண்ணுதான் கையில வந்துச்சு. இன்னொண்ணு எங்கயோ விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்."

விழல. உள்ளயே இருந்திருக்கு. அதுமேல தெனமும் ரப்பர் குழாயச் சொருகிச் சொருகி இவரே உள்ள தள்ளியிருக்காரு. அழுக்கும் கிரீஸும் சேந்து கல்லா இறுகிப்போச்சு. வலது காதுலயும் அழுக்கு அடச்சிருந்துச்சு, அதையும் எடுத்தாங்க. அப்புறம் ஒரு கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்காரவெச்சு, கேட்டா கை தூக்குங்கன்னாங்க. கை தூக்கறத அவருக்குச் சொல்லித் தரணுமா? டக்கு டக்குன்னு தூக்கினாரு. ரொம்ப மெல்லிசான சத்தத்துல கொஞ்சம் கொறை இருக்காம், இந்தத் தொழிலுக்கும் வயசுக்கும் அது இருக்கத்தான் செய்யும், இனிமே பஞ்ச விட்டுட்டுக் காதுக்கவசம் போடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

வெளிய வந்ததும் நான் படியிலயே உக்காந்து அழுதேன். சந்தோஷ அழுகதான், ஆனா ஓன்னு. "அந்த வண்டிக்கும் பஞ்சும் எண்ணெயும், உங்களுக்கும் பஞ்சும் அழுக்கும்! அத கழுவத் தெரிஞ்சுது, இத பாக்கத் தெரியல"ன்னு மூக்கச் சிந்திக்கிட்டே திட்டினேன். "மெதுவாப் பேசு, எல்லாரும் கேக்கறாங்க"ன்னாரு. அதச் சொல்லிட்டு அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. அங்க இருந்தே தம்பிக்கு ஃபோன் பண்ணி, வேற ஆளப் பாத்துக்கடான்னு சொல்லிட்டேன்.

மத்தியானம் ஷெட்டுக்கு வந்தோம். பல் டாக்டர் வந்து வண்டிய எடுத்துட்டுப் போனாரு, மிச்சமிருந்த ஃபில்டர் எண்ணெய் டப்பாவ எங்ககிட்டயே குடுத்துட்டு. டிங்கர் அண்ணன் கதவத் தட்டிக்கிட்டிருந்தாரு. நான் போயி மெஷின்ல உக்காந்து மிதிச்சேன்.

வாசல்ல நின்னுக்கிட்டிருந்தவரு திடீர்னு வலது கையத் தூக்கினாரு.

டிங்கர் அண்ணன் நிறுத்தினாரு. டீக்கடை ரேடியோ கம்மியாச்சு. நானும் கால எடுத்துட்டேன். ஷெட்டுல ஒரு வண்டியும் ஓடல. என்னத்தக் கேக்கறாரோன்னு பாத்தா, நேரா என்கிட்ட வந்தாரு.

"நீ மிதி"ன்னாரு.

மிதிச்சேன். சக்கரம் எலிக்குஞ்சு மாதிரி கத்துச்சு. அவரு கண்ண மூடிக்கிட்டு அதக் கேட்டாரு. அப்புறம் போயி எண்ணெய்க் குப்பிய எடுத்துட்டு வந்து, கச்சிதமா ஒரே ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தக் கையால ஒரு சுத்து சுத்தினாரு.

"இந்தக் கத்து கத்துது, எத்தன நாளா? என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேங்க. உங்களுக்குக் கேக்கல."

அவரு கை இன்னும் சக்கரத்து மேலயே இருந்துச்சு. "இனிமே கேக்கும்"னாரு.